600 வயது அரண்மனை, பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி மட்டும் ஏற்றக் கூடாது! ஏன் தெரியுமா?

பெய்ஜிங்கின் நட்டநடுவில் இருக்கும் அந்த அரண்மனைக்கு 2020-ல் 600 வயது நிறைந்தது. ஐந்தே வருடத்தில் அடுத்த விசேஷம்: அது அருங்காட்சியகமாக மாறி 2025-ல் நூறு வருடம்! கண்காட்சி என்ன, விளக்கு அலங்காரம் என்ன, புதிதாகத் திறந்துவிட்ட ராஜாவின் தோட்டம் என்ன என்று அடுத்தடுத்து அமர்க்களம்தான். ஆனால், கொண்டாட வருகிறவரிடம் வாசலிலேயே தீப்பெட்டியையும் லைட்டரையும் வாங்கி வைத்துக்கொண்டு விடுவார்கள். 2013 மே மாதத்திலிருந்து உள்ளே எங்கேயும் யாரும் ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்க முடியாது.

இதென்ன இவ்வளவு பயம் என்கிறீர்களா? ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ என்று உலகமே அறிந்த இந்தச் சீனப் பேரரண்மனையின் 600 வருடக் கதையே நெருப்போடு நடத்திய சண்டைதான். தங்கம், வைரம், டிராகன் என்று பேசும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை. நாம் சொல்லிவிடலாம்.

1406-ல் வேலை தொடங்கி 1420-ல் முடிந்தது. கட்டச் சொன்னவர் மிங் வம்சத்தின் மூன்றாவது பேரரசர் யோங்லே. சொந்த அண்ணன் மகனிடமிருந்து ஆட்சியைப் பறித்துக்கொண்டு, தலைநகரைத் தெற்கே இருந்த நான்ஜிங்கிலிருந்து தன் செல்வாக்குள்ள பெய்ஜிங்குக்கே தூக்கிக்கொண்டு வந்த ஆள்! 72 ஹெக்டேர் பரப்பு. நம் கணக்கில் ஏறக்குறைய 178 ஏக்கர். சுற்றிலும் 10 மீட்டர் உயர மதில், அதற்கு வெளியே 52 மீட்டர் அகல அகழி. அந்த அகழியைத் தோண்டிய மண்ணையெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? அரண்மனைக்கு வடக்கே கொட்டி ஒரு குன்றையே எழுப்பிவிட்டார்கள். ஜிங்ஷான் என்ற அந்தக் குன்றின் மேல் ஏறி நின்றுதான் இன்று உலகமே அரண்மனையைப் படம் எடுக்கிறது. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644-ல் தூக்கு மாட்டிக்கொண்டதும் அதே குன்றின் அடிவாரத்தில்தான்.

1421 பிப்ரவரி 2, சீனப் புத்தாண்டு. அன்று திறப்பு விழா. உலகின் பல மூலைகளிலிருந்து தூதர்கள் வந்து மண்டியிட்டார்கள். ஹெராத்திலிருந்து தைமூரின் மகன் ஷாருக் அனுப்பிய தூதுக் குழுவில் கியாசுத்தீன் நக்காஷ் என்ற ஓவியரும் வந்திருந்தார். பார்த்ததையெல்லாம் பாரசீக மொழியில் எழுதி வைத்தார் அந்த மனிதர். நல்லவேளை எழுதினார்! ஏனென்றால், விழா நடந்து நூறு நாள்கூட ஆகவில்லை. மே 9-ம் தேதி இரவு ஒரு மின்னல் விழுந்தது. மூன்று பெரிய மண்டபங்களும் சாம்பல்! திறப்பு விழாவையும் தீயையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார் நக்காஷ்.

பதினான்கு வருட உழைப்பு ஒரே இரவில் போனால் பேரரசருக்கு எப்படி இருக்கும்? வானம் தன்மேல் கோபமாக இருக்கிறது என்று அரண்டுபோனார். ‘என்மேல் என்ன குறை, தாராளமாகச் சொல்லுங்கள்’ என்று அதிகாரிகளிடம் கேட்டார். தலைநகரை மாற்றியதுதான் தவறு என்று ஒருவர் தாராளமாகவே சொன்னார். அவருக்கு மரண தண்டனை. ராஜா மனம்விட்டுப் பேசச் சொன்னால் பேசிவிடக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள விதிதான் போலிருக்கிறது.

அந்த மின்னலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! யோங்லே என்றதும் நினைவுக்கு வர வேண்டிய இன்னொரு பெயர் செங் ஹே. கொச்சி, கோழிக்கோடு, இலங்கை என்று நம் கடல் வழியெல்லாம் மாபெரும் கப்பல் படையோடு சுற்றிய சீனத் தளபதி. அரண்மனை எரிந்த சில நாட்களில், செலவைக் குறைக்க வேண்டும் என்று பேரரசர் அந்தக் கடல் பயணங்களைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார். பெய்ஜிங்கில் விழுந்த மின்னல் இந்தியப் பெருங்கடலில் கப்பலை நிறுத்தியது!

அதைவிட வியப்பு ஒன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெய்ஜிங்கில் அரண்மனை வேலை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், 1409-ம் ஆண்டுத் தேதியிட்டு யோங்லேயின் பெயரால் ஒரு கல்வெட்டு செதுக்கப்பட்டது. சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ்! சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதியோ இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. ஆளுக்கொரு தெய்வம், ஆனால் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றேதான்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய், வாசனைப் பொருட்கள். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதல்லவா? கெட்டிக்கார அரசியல்! அந்தக் கல் 1911-ல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது எங்கே கிடந்தது தெரியுமா? சாக்கடைப் பாலத்துக்கு மூடியாக, குப்புறக் கிடந்தது. அப்படிக் கிடந்ததால்தான் எழுத்து கொஞ்சமாவது பிழைத்தது.

சரி, நெருப்புக்குத் திரும்புவோம்.

எரிந்த மண்டபங்களை மீண்டும் கட்ட இருபது வருடம் ஆயிற்று. வியட்நாமில் பிறந்து சீன அரண்மனையின் அண்ணகர்கள் (காயடிக்கப்பட்ட ஆண் ஊழியர்கள்) வரிசையில் சேர்ந்த ங்குயென் ஆன் என்ற பொறியாளருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கட்டி முடித்தார்கள். 1557-ல் மறுபடியும் எரிந்தது. கட்டினார்கள். 1597-ல் மறுபடியும்! 1644-ல் கிளர்ச்சிப் படை போகிற போக்கில் கொளுத்திவிட்டுப் போனது. 1679-ல் இன்னொரு தீ. இன்று நாம் வாயைப் பிளந்து பார்க்கிறோமே, பேரரசரின் அரியணை இருக்கும் பெரிய மண்டபம், அது 1695-ல் தொடங்கி 1697-ல் முடிந்தது. ஆக, 600 வயதுக்காரரின் முகத்துக்கு வயது 330 கூட இல்லை!

பனிக்கட்டியில் வழுக்கி வந்த மலை

1557 தீ விபத்து நமக்கு ஒரு பெரிய ரகசியத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. மீண்டும் கட்டுவதற்குப் பெரிய பெரிய கற்கள் வேண்டுமே! கல் கிடைப்பது 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு குவாரியில். அங்கிருந்து 9.5 மீட்டர் நீளம், 123 டன் எடையுள்ள ஒரே கல்லை அந்த ஆண்டு கொண்டுவந்தார்கள் என்று ஓர் ஆவணம் சொல்கிறது. சீனாவில் சக்கரம் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் சக்கர வண்டி வேண்டாம் என்றார்கள். பிறகு எப்படி?

உறைபனிக் காலத்துக்காகக் காத்திருந்தார்கள். வழியெங்கும் அரை கிலோமீட்டருக்கு ஒரு கிணறு. அதிலிருந்து தண்ணீரை மொண்டு சாலையில் ஊற்றினால் இரவோடு இரவாகப் பனிச் சாலை தயார்! அதன்மேல் மரச் சறுக்குவண்டி, அதன்மேல் கல். 28 நாளில் பெய்ஜிங். இந்த ஆவணத்தை வைத்துக்கொண்டு 2013-ல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வெறும் தரையில் இழுத்தால் 1,500 பேருக்கு மேல் தேவை. பனியின் மேல் கொஞ்சம் தண்ணீரையும் ஊற்றி வழுக்கவிட்டால் 50 பேருக்கும் குறைவாகவே போதும்! பூசிய எண்ணெயும் இல்லை, யானையும் இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

இந்த 123 டன்னே பெரிது என்று நினைக்காதீர்கள். அரண்மனையின் மூன்றாவது மண்டபத்துக்குப் பின்னால் படிக்கட்டின் நடுவே ஒரு பாளக் கல் படுத்திருக்கிறது. நீளம் 16 மீட்டருக்கு மேல், அகலம் 3 மீட்டருக்கு மேல், எடை 200 டன்னுக்கு மேல். மேகத்துக்குள் நெளியும் டிராகன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கூட்டம் முதல் மண்டபத்தின் அரியணையை எட்டிப் பார்க்க முண்டியடித்துவிட்டு இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். நீங்கள் போனால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த மண்டபங்கள் நிற்கும் மூன்றடுக்கு வெள்ளைக்கல் மேடையைச் சுற்றிலும் 1,142 டிராகன் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழகுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். மழை கொட்டும்போது பாருங்கள்! ஒவ்வொரு வாயிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு வெளியே விழும். அத்தனையும் வடிகால் குழாய்கள். 2016 ஜூலையில் பெய்ஜிங்கின் தெருக்களெல்லாம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, இந்த டிராகன்கள் தண்ணீரைத் துப்பும் படங்கள்தான் சமூக ஊடகங்களில் பறந்தன.

தண்ணீரைத் துரத்தவும் தெரியும், தேக்கவும் தெரியும். முற்றங்களில் ஆளுயர வெண்கல, இரும்புத் தொட்டிகளைப் பார்ப்பீர்கள். மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சக் காலத்தில் இவை 308 இருந்தன. எல்லாம் தீயணைப்புத் தண்ணீர்! குளிர்காலத்தில் உறைந்துவிட்டால் என்ன செய்வது? தொட்டிக்குப் பஞ்சு மெத்தைச் சட்டை போட்டு மூடி, அடியில் கரி அடுப்பு மூட்டி இரவெல்லாம் காவல் காத்தார்கள். நெருப்பை அணைக்கும் தண்ணீரைக் காப்பாற்ற நெருப்பு! தங்க முலாம் பூசிய தொட்டிகளின் மேல் கோடு கோடாகக் கீறல் இருக்கும். தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். 1900-ல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கைப் பிடித்தபோது துப்பாக்கிக் கத்தியால் தங்கத்தைச் சுரண்டிய தழும்புகள் அவை.

அரண்மனையில் பெரும்பாலும் மஞ்சள் கூரை. மஞ்சள் பேரரசருக்கு மட்டுமே உரிய நிறம். அந்த மஞ்சள் கடலில் ஒரு கூரை கறுப்பு. பச்சை விளிம்பு வைத்தது. ஏன் தெரியுமா? அது நூலகம்! சீனரின் பஞ்சபூதக் கணக்கில் கறுப்பு என்பது தண்ணீரின் நிறம். புத்தகத்துக்கு எமன் நெருப்புதானே? அதனால் தலையில் தண்ணீர் நிறம், வாசலில் நிஜமாகவே ஒரு குளம். ச்சியென்லோங் பேரரசர் தொகுக்கச் சொன்ன 36,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள் கொண்ட மாபெரும் நூல் வரிசைக்காக 1770-களில் கட்டியது. புத்தகங்கள் நெருப்பிலிருந்து தப்பித்துவிட்டன. ஆனால் இப்போது அங்கே இல்லை. கடல் தாண்டித் தைவானில் இருக்கின்றன. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குளிர் காயக்கூட அறைக்குள் திறந்த தீ குறைவு. வெளியே தாழ்வாரத்தின் அடியில் குழி, அதில் கரி அடுப்பு. சூடு மட்டும் தரைக்கு அடியில் ஓடும் கால்வாய்கள் வழியே அறையை எட்டும். கோடையில்? நிலவறையில் அடுக்கி வைத்த பனிக்கட்டி. அந்தப் பனிக்கட்டி அறைகள் இப்போது உணவகம். டிக்கெட் வாங்கியவர் யாரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம்!

பூகம்பம்? அதற்கும் கவலைப்படவில்லை. தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. கல் பீடத்தின் மேல் சும்மா நிற்கின்றன. மேலே கூரையைத் தாங்குவது ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மரக்கட்டை அடுக்குகள். ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து, 2017-ல் வெளியான பிரிட்டிஷ் ஆவணப்படத்துக்காகக் குலுக்கிப் பார்த்தார்கள். ரிக்டர் 10.1-க்கு இணையான குலுக்கல் வரைக்கும் போனார்கள். சுவர் உதிர்ந்தது, கூடு ஆடியது, ஆடியது, கடைசிவரை விழவே இல்லை!

இன்னும் குட்டிக் குட்டியாகச் சில. அறைகள் 9,999 என்று கதை. சொர்க்கத்தில் 10,000, அதற்கு ஒன்று குறைவாம். நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தை ஓர் அறை என்று எண்ணினால் உண்மையில் 8,700-ஐ ஒட்டி வருகிறது. பெரிய வாயில் கதவுகளில் 9 வரிசை, வரிசைக்கு 9 குமிழ், மொத்தம் 81. கிழக்கு வாயிலில் மட்டும் 72. கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மிருக பொம்மைகள் மற்ற கட்டடங்களில் அதிகபட்சம் ஒன்பது. அரியணை மண்டபத்தில் மட்டும் பத்து! அந்தப் பத்தாவது, சிறகு முளைத்த குரங்கு போன்ற ஒரு பிராணி. சீனா முழுக்கத் தேடினாலும் வேறு கூரையில் அதைப் பார்ப்பது அரிது. மண்டபத் தரையில் பாவிய 4,700-க்கும் மேற்பட்ட ‘தங்கச் செங்கற்களில்’ ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. சூச்சோ நகரத்துக் களிமண்ணை மாதக்கணக்கில் சுட்டு, எண்ணெயில் ஊறவைத்து மெருகேற்றியது. தட்டினால் உலோகம் போல் கணீரென்று ஒலிக்கும்.

காணாமல் போன அரியணை

1912-ல் முடியாட்சி போனது. 1915-ல் யுவான் ஷிகாய் என்ற தளபதிக்குத் தானே பேரரசர் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. டிராகன் அரியணையைத் தூக்கி எறிந்துவிட்டு, உயரமான முதுகு வைத்த மேற்கத்திய பாணி நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தது நிலைக்கவில்லை, சில மாதங்களில் ஆசையும் போய் ஆளும் போனார். ஆனால் பழைய அரியணை எங்கே? யாருக்கும் தெரியவில்லை. பல வருடம் தேடினார்கள். 1959-ல் சூ ஜியாஜின் என்ற ஆய்வாளர், 1900-ஐ ஒட்டி எடுத்த ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கு கிடங்காக அலசினார். உடைந்த மரச்சாமான் குவியலில் கை கால் போன ஒரு நாற்காலி கிடந்தது. அதுதான்! படத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி ஒட்டி, 1964-ல் பழைய இடத்தில் ஏற்றினார்கள். இன்று நீங்கள் எட்டிப் பார்ப்பது அந்தக் குப்பைக் குவியல் அரியணையைத்தான்.

கடைசிப் பேரரசர் பூயி மூன்று வயதுகூட நிரம்பாமல் 1908 டிசம்பரில் இதே அரியணை மண்டபத்தில் முடிசூடினார். குளிர் வேறு, கூட்டம் வேறு. ஓவென்று ஒரே அழுகை! ‘அழாதே, இதோ முடிந்துவிடும்’ என்று அப்பா சமாதானம் சொல்ல, அபசகுனமாகப் பேசிவிட்டாரே என்று அரண்மனையே முணுமுணுத்தது. மூன்றே வருடத்தில் முடிந்தும் போனது. ஆனாலும் உள்ளேயே வசிக்கலாம் என்று புதிய அரசு அனுமதி கொடுத்ததால், மதிலுக்கு உள்ளே மட்டும் ராஜாவாக வளர்ந்தார் அந்தப் பையன். சைக்கிள் ஓட்டத் தடையாக இருக்கின்றன என்று நூற்றாண்டுகள் பழைய வாசற்படிகளை ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். டெலிபோன் வந்ததும் ஓர் ஓட்டலுக்குப் போன் போட்டு, இல்லாத விலாசத்துக்குச் சாப்பாடு அனுப்பச் சொல்லிக் குறும்பு! அடுத்து, நாட்டின் பெரிய அறிஞர் ஹூ ஷிக்கும் ஒரு போன். அவர் நிஜமாகவே பார்க்க வந்துவிட்டார்.

1923 ஜூனில் நெருப்பு மறுபடியும் வந்தது. பொக்கிஷங்கள் அடைத்து வைத்திருந்த ஒரு தோட்ட மாளிகை ஓர் இரவில் முழுக்க எரிந்தது. திருட்டை மறைக்க ஊழியர்களே வைத்த தீ என்று பூயிக்குச் சந்தேகம். அண்ணகர்களில் பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டார். சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் என்ன செய்தார் தெரியுமா? டென்னிஸ் கோர்ட்! 1924 நவம்பர் 5-ல் சில மணி நேர அவகாசத்தில் அவரையே வெளியேற்றினார்கள். பின்னாளில் சிறையிலிருந்து வெளிவந்து, தோட்ட வேலை பார்த்துக்கொண்டு, தான் வளர்ந்த வீட்டைப் பொதுமக்களில் ஒருவராக வந்து சுற்றிப் பார்த்தார் பூயி.

1925 அக்டோபர் 10-ல் கதவு எல்லோருக்கும் திறந்தது. அன்று பெய்ஜிங்கே உள்ளே வந்து நின்றது. முன்னால் போகவும் முடியாமல் பின்னால் திரும்பவும் முடியாமல் நெருக்கியடித்தது கூட்டம். 500 வருட ஆவல் இல்லையா!

அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. குண்டு விழுந்தால் மரக் கட்டடம் என்ன ஆகும்? அருங்காட்சியகத்தார் எல்லாவற்றையும் மூட்டை கட்ட முடிவு செய்தார்கள். பீங்கானை எப்படிப் பெட்டியில் அடுக்குவது என்று தெரியாமல், பீங்கான் ஊரான ஜிங்டெசனிலிருந்து அந்தக் காலத்தில் வந்து பிரிக்கப்படாமல் கிடந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்! எல்லாவற்றையும்விடத் தலைவலி கொடுத்தவை, இரண்டாயிரம் வருடத்துக்கும் பழைய பத்துக் கல் முரசுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன். மேலே செதுக்கிய எழுத்து, லேசாக அதிர்ந்தாலும் தோல் போல உரியும் நிலை. மெல்லிய தாளை நனைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒவ்வோர் எழுத்தின் பிளவுக்குள்ளும் இறக்கினார்கள். அதன் மேல் பஞ்சு மெத்தை, மெத்தையின் மேல் சணல் கயிறு, பிறகு பெட்டி, இடுக்கெல்லாம் வைக்கோல். பொறுமை என்றால் இதுவல்லவா பொறுமை!

1933 பிப்ரவரியில் இரவு நேரத்தில் முதல் தொகுதி கிளம்பியது. அரண்மனைப் பொருட்கள் மட்டும் 13,427 பெட்டிகள், 64 மூட்டைகள். ரயிலில், லாரியில், படகில், மனிதத் தோளில் என்று பதினைந்து வருடம் சீனாவையே சுற்றின. சாங்ஷாவில் அவற்றை வைத்திருந்த நூலகத்தில் குண்டு விழுந்தது. பெட்டிகள் அதற்குச் சற்று முன்புதான் கிளம்பியிருந்தன! போர் முடிந்தது, உள்நாட்டுப் போர் வந்தது. 2,972 பெட்டிகள் தைவானுக்குக் கப்பல் ஏறின. அந்தக் கறுப்புக் கூரை நூலகத்தின் புத்தகங்களும் அதில்தான் போயின. தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் 1965-ல் திறந்தது. பெய்ஜிங், தைபே அருங்காட்சியகங்கள் இரண்டுமே தங்கள் பிறந்தநாள் 1925 அக்டோபர் 10 என்கின்றன. ஆக, 2025-ல் ஒரே நூற்றாண்டு விழாவை, பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி போல இரண்டு ஊர்கள் தனித்தனியே கொண்டாடின.

விழாவில் என்னென்ன?

2019 பிப்ரவரியில் விளக்குத் திருவிழா இரவு. அருங்காட்சியகமான 94 வருடத்தில் முதல் முறையாக ராத்திரியில் பொதுமக்களுக்கு அனுமதி! டிக்கெட் முன்பதிவு இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்தேவிட்டது. நிஜ நெருப்பு இல்லாத சிவப்பு விளக்குகள், கூரைகளின் மேல் ஒளியால் விரிந்த பழம்பெரும் ஓவியச் சுருள்கள். அழகு என்றவர்களும் உண்டு, இத்தனை பளபளப்பு ஆகாது என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. படங்களைப் பார்த்தவரை நான் இரண்டாவது கட்சி.

அந்த ஆண்டு 1.9 கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். 600-வது பிறந்தநாளை எப்படியெல்லாமோ கொண்டாடத் திட்டம். 2020 ஜனவரி 25, சீனப் புத்தாண்டு. திறப்பு விழா நடந்த அதே திருநாளில் வாயில் மூடியது; கொரோனா! மே 1-ல்தான் மறுபடி திறந்தது, அதுவும் நாளைக்கு 5,000 பேருக்கு மட்டும். காலியான முற்றங்களில் அந்த 5,000 பேர் பார்த்த அரண்மனையை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. செப்டம்பரில் தெற்கு வாயிலின் மேல்மாட மண்டபங்களில் 600 ஆண்டுக் கண்காட்சி வந்தது. 2025 இலையுதிர் காலத்தில் அதே இடத்தில் நூற்றாண்டுக் கண்காட்சி.

நூற்றாண்டுப் பரிசு என்றால் அது ச்சியென்லோங் தோட்டம்தான். ஓய்வுபெற்ற பிறகு வசிக்கலாம் என்று அந்தப் பேரரசர் 1770-களில் ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டது. முடியைத் துறந்தார், ஆனால் அங்கே குடியேறவே இல்லை! நெடுநாள் பூட்டிக் கிடந்ததைக் கால் நூற்றாண்டுப் புனரமைப்புக்குப் பின் 2025-ல் திறந்துவிட்டார்கள். அங்கே ஒரு மாளிகைக்குள் குட்டி நாடக மேடை. அண்ணாந்து பார்த்தால் மூங்கில் பந்தலிலிருந்து ஊதாப் பூங்கொத்துகள் தொங்கும். அத்தனையும் பட்டின் மேல் தீட்டிய ஓவியம்! பெய்ஜிங்கின் குளிரில் செடியெல்லாம் பட்டுப்போகும் நாளிலும் ராஜாவின் தலைக்கு மேல் வசந்தம்.

கடிகாரக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். லண்டனில் 18-ம் நூற்றாண்டில் வில்லியம்சன் என்பவர் செய்த, இரண்டு மீட்டருக்கும் உயரமான ஒரு கடிகாரம் அங்கே உண்டு. அதன் கீழடுக்கில் ஐரோப்பிய கனவான் ஒருவர் ஒற்றைக் காலை மண்டியிட்டு அமர்ந்திருப்பார். தூரிகையில் மை தொட்டு விசையை முடுக்கினால், தலையை ஆட்டி ஆட்டி எட்டுச் சீன எழுத்துகளை அழகாக எழுதி முடிப்பார்! சீன மொழி தெரியாத பொம்மை, சீனப் பேரரசரைப் புகழ்ந்து எழுதுகிறது.

பூனை பிடிக்குமா? உள்ளே சுமார் 200 பூனைகள் இருக்கின்றன. எலி பிடிப்பது அவற்றின் வேலை.

போக ஆசை வந்துவிட்டதா? வாசலில் டிக்கெட் கிடைக்காது. ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு இணையத்தில் திறக்கும். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து உடனே பதிவு செய்துவிடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. திங்கட்கிழமை விடுமுறை. தெற்கு வாயிலில் நுழைந்து வடக்கிலோ கிழக்கிலோதான் வெளியேற முடியும். நுழைந்த வாயிலுக்கே திரும்பி வந்து நண்பரைத் தேடுவதெல்லாம் நடக்காது. ஜனவரியில் போனால் கூட்டம் கொஞ்சம் குறைவு. ஆனால் பனி பொழியும் என்று வானிலை அறிக்கை சொன்னால் உஷார்! மஞ்சள் கூரையில் வெள்ளைப் பனியைப் பார்க்க ஊரே கிளம்பிவிடும், டிக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் காலி.